ஒரு சாண் பெட்டி. அதில் ஒரு குடும்பத்தின் உயிர்!

பழைய லாரிக்குப் புது ஒயர் போடுகிறவர்கள் பியூஸ் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் ஒரு பண்ணை வீடு.

வீட்டுக்குப் பின்னால் மரத்தால் ஆன தானியக் கொட்டகை. கொட்டகையின் மூலையில், தூசியும் சிலந்தி வலையும் மூடிய ஒரு லாரி நிற்கிறது.

அது 1951-ம் ஆண்டில் செய்யப்பட்ட "செவர்லே" லாரி. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் மரப்பலகை பதித்த தொட்டி. மக்காச்சோள மூட்டையும், பால் கேனும், பன்றிக்குட்டியும் ஏறிய தொட்டி அது.

தாத்தா சிறுவனாக இருந்தபோது அவருடைய தகப்பனார் வாங்கிய லாரி. இன்று அதை மீண்டும் ஓட வைக்கப் பேரன் ஆசைப்படுகிறான். தன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வரவேண்டும் என்பது அவன் எண்ணம்.

இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இத்தகைய குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். பழைய லாரியைப் புதுப்பிப்பது அங்கே வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை.

என்ஜினைக் கழற்றி மாட்டுவார்கள். தகரத்தைத் தட்டி நேராக்குவார்கள். பளபளப்பாக வர்ணம் அடிப்பார்கள். எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் ஒன்று பாக்கி இருக்கும். அதுதான் ஒயர்!

வெளியே தெரியாத வேலை அது. ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதுகுக்குப் பின்னால் பெட்ரோல்!

ஏன் அப்படி?

1947-ம் ஆண்டு முதல் 1955-ம் ஆண்டு வரை செவர்லே கம்பெனி ஒரே சாயலில் லாரிகளைச் செய்தது. உருண்டையான நெற்றியும், குறுக்குக் கம்பிகள் வைத்த முகமும் கொண்ட அழகிய லாரிகள் அவை.

1949-ம் ஆண்டு லாரிகளில் ஒரு மாறுதல் வந்தது. அதுவரை தொட்டிக்கு அடியில் இருந்த பெட்ரோல் டாங்கி, டிரைவர் அறைக்குள்ளே வந்தது. உட்காரும் ஆசனத்துக்குப் பின்னால் அதை நிற்க வைத்தார்கள்.

பேட்டரி எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கத்தில் உட்காருகிறவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே!

ஆக, முதுகுக்குப் பின்னால் பெட்ரோல். காலடியில் மின்சாரம். எதிரே உள்ள டாஷ்போர்டுக்குப் பின்னால் 70 ஆண்டுப் பழைய ஒயர்!

அந்த ஒயர் ஓரிடத்தில் தோல் உரிந்து, லாரியின் இரும்புத் தகட்டைத் தொட்டால் போதும். பேட்டரியில் உள்ள மின்சாரம் முழுவதும் அந்த வழியாகப் பாயும். கண் மூடித் திறப்பதற்குள் ஒயர் பழுக்கக் காய்ந்து, புகை கிளம்பும்.

பருத்திச் சட்டை போட்ட ஒயர்

அந்தக் காலத்து ஒயருக்கும் இந்தக் காலத்து ஒயருக்கும் வித்தியாசம் உண்டு.

இன்று செம்புக் கம்பியின்மேல் பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். அன்று ரப்பர் உறை போட்டு, அதன்மேல் பருத்தி நூலால் பின்னிய சட்டை ஒன்றை மாட்டினார்கள்.

புதிதில் அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பருக்கு ஆயுள் குறைவு. என்ஜின் சூட்டிலும், எண்ணெயிலும், வெயிலிலும் அது காய்ந்துபோகும். விரலால் வளைத்தால் முறுக்கு உடைவதுபோல் உடைந்து உதிரும். பருத்திச் சட்டையோ ஈரத்தை உறிஞ்சும். கொட்டகை எலிகள் கொறித்துவிட்டுப் போனது வேறு.

ஆகவே, பழைய ஒயரில் ஒட்டுப் போட்டு ஓட்டுவது ஆபத்து. முழுவதையும் எடுத்துவிட்டுப் புது ஒயர் போடுவதே வழி.

புது ஒயர் போடுகிறவரின் முன்னால் முதலில் எழும் கேள்வி இதுதான்:-

"பியூஸ் பெட்டி எது?"

பியூஸ் யாரைக் காக்கிறது?

பியூஸ் என்றால் என்ன என்பது வீட்டில் மின்சார விளக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஓர் அளவுக்குமேல் மின்சாரம் பாய்ந்தால், அதில் உள்ள மெல்லிய உலோகம் உருகி அறுந்துவிடும். மின்சாரம் நின்றுவிடும்.

மின்சார விளக்கால் புகழ் பெற்ற தாமஸ் ஆல்வா எடிசன் 1890-ம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் பியூஸ் எதைக் காக்கிறது என்று கேட்டால், பலர் "விளக்கைக் காக்கிறது" என்பார்கள். "ரேடியோவைக் காக்கிறது" என்பார்கள்.

அது சரியல்ல. பியூஸ் முதலில் காப்பது ஒயரைத்தான்!

ஏரிக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் அதிகமானால் கரை எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. அதனால் கலிங்கு கட்டி வைத்தார்கள். மிஞ்சிய தண்ணீர் அந்த ஓர் இடத்தில் வழியும். கரை தப்பும்.

பியூசும் அப்படித்தான். ஒயர் எங்கேயோ ஓர் இடத்தில் எரிவதற்குப் பதிலாக, நாம் குறித்து வைத்த இடத்தில், கண்ணாடிக்குள்ளோ பிளாஸ்டிக்குக்குள்ளோ ஒரு சிறு துண்டு உருகட்டும் என்று வைத்ததுதான் பியூஸ்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகப் புரியும்.

அந்தக் காலத்தில் ஒன்று இரண்டுதான்

பழைய லாரியில் பியூஸ் பெட்டியைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பல லாரிகளில் ஒன்றோ இரண்டோ பியூஸ்தான் இருக்கும். அதுவும் விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்திலோ, ஒயரின் நடுவிலோ தொங்கும்.

ஏன் இவ்வளவு குறைவு? அன்றைய லாரியில் மின்சாரத்துக்கு வேலையே அதிகம் இல்லை!

முன்னால் இரண்டு விளக்குகள். பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு விளக்கு. ஒரு ஹாரன். என்ஜினுக்குத் தீப்பொறி. டாஷ்போர்டில் சில மீட்டர்கள். அவ்வளவுதான்.

மழைத் தண்ணீரைத் துடைக்கும் "வைப்பர்"கூட மின்சாரத்தில் ஓடவில்லை. என்ஜின் காற்றை உறிஞ்சும் சக்தியைக் கொண்டே அது ஆடியது. மேட்டில் ஏறும்போது உறிஞ்சும் சக்தி குறையும். வைப்பரும் தூங்கிவிடும்! திரும்பும்போது காட்டும் "சிக்னல்" விளக்கும் பல லாரிகளில் கிடையாது. டிரைவர் கையை வெளியே நீட்டுவார்.

இன்று அந்த லாரி சாலைக்கு வந்தால் இத்தனையும் வேண்டும். வேகமாக வரும் கார்களுக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே பழைய அளவுக்குப் பெட்டி வாங்கினால் போதாது.

6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

பெட்டி வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

1951-ம் ஆண்டு லாரியில் இருந்தது 6 வோல்ட்டு பேட்டரி. செவர்லே லாரிகள் 1955-ம் ஆண்டில் வந்த புது மாதிரியில்தான் 12 வோல்ட்டுக்கு மாறின. போர்டு லாரிகள் 1956-ம் ஆண்டில் மாறின.

6 வோல்ட்டிலேயே ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு விளக்கு எத்தனை "வாட்" என்று பார்க்கவேண்டும். அதை வோல்ட்டால் வகுத்தால், எத்தனை ஆம்பியர் மின்சாரம் ஓடும் என்பது தெரியும்.

முன் விளக்கு ஒன்று 45 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து 90 வாட். 6 வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர்தான் ஓடும்.

வோல்ட்டு பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பு ஆகிறது. ஒயரைச் சுடுவது ஆம்பியர்தான். ஆகவே 6 வோல்ட்டு லாரிக்குப் பருமனான ஒயர் வேண்டும்.

இன்று கடையில் விற்கும் ஒயர் கட்டுகளும் பியூஸ் பெட்டிகளும் பெரும்பாலும் 12 வோல்ட்டை எண்ணிச் செய்தவை. பியூசைப் பொறுத்தவரை அதனால் கெடுதல் இல்லை. 15 ஆம்பியர் பியூஸ் 6 வோல்ட்டிலும் 15 ஆம்பியர் பியூஸ்தான். ஆனால் பெட்டியோடு வரும் ஒயர் 6 வோல்ட்டுக்கு மெல்லியதாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மாட்டினால் விளக்கு மங்கும், ஒயர் சுடும்.

12 வோல்ட்டுக்கு மாறுகிறவர்கள் பல்புகளை எல்லாம் மாற்றவேண்டும். பழைய மீட்டர்களுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சிறு கருவியைப் போடவேண்டும்.

போர்டு லாரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்தக் கம்பெனியின் 6 வோல்ட்டு லாரிகளில் பேட்டரியின் "பாசிட்டிவ்" முனை இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். இன்றைய வண்டிகளில் "நெகட்டிவ்" முனை சேர்ந்திருக்கிறது. இதை மறந்து புது ரேடியோவை மாட்டினால், பாட்டு வராது, புகைதான் வரும்.

எத்தனை வழி வேண்டும்?

பியூஸ் பெட்டிகள் பல அளவில் வருகின்றன. 6 வழி, 8 வழி, 12 வழி, 14 வழி, 18 வழி, 20-க்கு மேலும் உண்டு.

"பெரியதாக வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே" என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு. பெரிய பெட்டியோடு தேவையில்லாத ஒயர்கள் கட்டுக்கட்டாக வரும். பழைய லாரியின் டாஷ்போர்டுக்குப் பின்னால் அவ்வளவு இடம் இல்லை. சும்மா தொங்கும் ஒயர் ஒவ்வொன்றும் எங்கேயாவது உரசக் காத்திருக்கும் ஒயர்தான்.

சிறியதாக வாங்குவதும் தவறு. இடம் போதாமல் இரண்டு மூன்று சாமான்களை ஒரே பியூசில் கட்டுவார்கள். ரேடியோவில் கோளாறு வந்தால் பிரேக் விளக்கும் அணையும். பின்னால் வருகிறவனுக்கு லாரி நிற்பது தெரியாது!

கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பார்க்கவேண்டும். நம் பேரன் எழுதிய பட்டியல் வருமாறு:-

1. முன் விளக்கு
2. பின் விளக்கும், டாஷ்போர்டு விளக்கும்
3. பிரேக் விளக்கு
4. திரும்பும் சிக்னல்
5. ஆபத்துக் காலத்தில் நான்கு மூலையிலும் மின்னும் விளக்கு
6. ஹாரன்
7. மீட்டர்கள்
8. மின்சார வைப்பர்
9. குளிர் காலத்தில் சூடு தரும் விசிறி
10. ரேடியோ
11. கூரை விளக்கு
12. டெலிபோனுக்குச் சார்ஜ் ஏற்றும் துளை

மொத்தம் 12. பின்னால் ஏதாவது சேர்ப்பதற்கு இரண்டு இடம். ஆக, 14 வழிப் பெட்டி போதும்.

ஏர்கண்டிஷன், மின்சாரப் பெட்ரோல் பம்பு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் எல்லாம் வைக்கிறவர்களுக்கு 18, 20 வழி வேண்டியிருக்கும். விளக்கும் ஹாரனும் போதும் என்று, லாரியை அசல் உருவிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு 6 அல்லது 8 வழியே போதும்.

கண்ணாடிக் குழாயா? கத்தியா?

அடுத்த கேள்வி, பியூஸ் எந்த மாதிரி என்பது.

பழைய மாதிரி கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி. நடுவில் மெல்லிய தகடு. பார்த்தவுடன் எரிந்ததா, இல்லையா என்று தெரிந்துவிடும். லாரியின் வயதுக்கும் பொருத்தமாக இருக்கும்.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கிளிப்பு நாளடைவில் தளரும். துருப் பிடிக்கும். பிடிப்புத் தளர்ந்த இடம் சூடாகும். கரடுமுரடான பாதையில் பியூஸ் குதித்துக் கீழே விழுந்துவிடுவதும் உண்டு.

புது மாதிரிக்கு இரண்டு தட்டையான கால்கள். கத்தி அலகு போன்ற அந்தக் கால்கள் துளைக்குள் இறுக்கமாகச் செருகிக்கொள்ளும். 1976-ம் ஆண்டில் அமெரிக்காவின் "லிட்டல்பியூஸ்" கம்பெனி இதைக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுவதும் கார்களில் இருப்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பியூஸ்தான்.

இதில் இன்னொரு நன்மை நிறம். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம்:-

வெளிர் பழுப்பு - 5 ஆம்பியர்

பழுப்பு - ஏழரை ஆம்பியர்

சிவப்பு - 10 ஆம்பியர்

நீலம் - 15 ஆம்பியர்

மஞ்சள் - 20 ஆம்பியர்

நிறமற்றது - 25 ஆம்பியர்

பச்சை - 30 ஆம்பியர்

நள்ளிரவில் சாலையில் பியூஸ் போனால், எந்த ஊர்ப் பெட்ரோல் பங்கிலும் கத்தி மாதிரி பியூஸ் கிடைக்கும். கண்ணாடிக் குழாயைத் தேடி அலையவேண்டும்.

ஆகவே, ஓட்டுவதற்காக லாரி வைத்திருப்பவர்கள் கத்தி மாதிரியை வாங்குவதே நல்லது. கண்காட்சியில் வைத்துப் பரிசு வாங்க விரும்புகிறவர்கள் கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். சிலர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கத்தி மாதிரிப் பெட்டியை ஆசனத்துக்கு அடியிலோ, கையுறைப் பெட்டிக்குள்ளோ மறைத்துவிடுவார்கள். வெளியே தெரியும் ஒயருக்கு மட்டும், உள்ளே பிளாஸ்டிக்கும் மேலே பருத்திப் பின்னலும் கொண்ட ஒயரைப் போடுவார்கள். பார்வைக்குப் பழசு, பாதுகாப்பில் புதுசு!

தூங்கும் ஒயரும் தூங்காத ஒயரும்

பெட்டியில் உள்ள எல்லா வழிகளும் ஒரே மாதிரி அல்ல.

சில வழிகளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். சாவியை எடுத்துவிட்டுப் போனாலும் அவை தூங்காது. பிரேக் விளக்கு, ஹாரன், ஆபத்து விளக்கு, கூரை விளக்கு ஆகியவை அந்த வழியில் இருக்கவேண்டும்.

வேறு சில வழிகள் சாவியைத் திருப்பினால்தான் விழிக்கும். மீட்டர், வைப்பர், விசிறி, ரேடியோ, சிக்னல் ஆகியவை அந்த இனம். இவற்றைத் தூங்காத வழியில் மாட்டினால் மறந்துபோய் விட்ட ரேடியோ விடிவதற்குள் பேட்டரியைக் குடித்துவிடும்.

பெட்டி வாங்கும்போது இரண்டு இனத்திலும் எத்தனை எத்தனை வழி இருக்கிறது என்று பார்த்து வாங்கவேண்டும். படகுகளுக்கென்று செய்த பெட்டிகளையும் சிலர் வாங்குகிறார்கள். மூடியும், "எர்த்" ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பட்டையும் அவற்றில் உண்டு. ஆனால் பலவற்றில் எல்லா வழிகளும் ஒரே இனமாக இருக்கும். அப்படியானால் இரண்டு பெட்டிகள் வேண்டும்.

என்ஜினுக்குத் தீப்பொறி தரும் ஒயரை மட்டும் வேறு எதனோடும் சேர்க்கக்கூடாது. ரேடியோ பியூஸ் எரிந்ததற்காக, நெடுஞ்சாலை நடுவே என்ஜின் நிற்கலாமா?

ஒயருக்கு ஏற்ற பியூஸ்

அமெரிக்காவில் ஒயரின் பருமனைக் "கேஜ்" எண்ணால் சொல்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண் ஏற ஏற ஒயர் மெலியும்! 18 எண் ஒயர் மெல்லியது. 10 எண் ஒயர் பருமனானது.

வண்டிகளில் பொதுவாகக் கையாளும் அளவு இது:- 18 எண் ஒயருக்கு 10 ஆம்பியர், 16-க்கு 15, 14-க்கு 20, 12-க்கு 30. பியூஸ் இதற்குமேல் போகக்கூடாது. ஒயர் நீளமாகப் போனால் ஒரு படி பருமனாகவே போடவேண்டும்.

பியூசின் முழுச் சக்தியையும் வேலை வாங்கக்கூடாது. 100-க்கு 80 பங்கோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். விசிறி 8 ஆம்பியர் இழுத்தால் 10 ஆம்பியர் பியூஸ். 12 ஆம்பியர் இழுத்தால் 15 ஆம்பியர் பியூஸ்.

அளவைத் தாண்டிய உடனே பியூஸ் அறுந்துவிடும் என்றும் நினைக்கக்கூடாது. 20 ஆம்பியர் பியூசில் 27 ஆம்பியர் ஓடினால், அது 10 நிமிடம் வரைகூடத் தாக்குப் பிடிக்கலாம். 40 ஆம்பியர் ஓடினால் 5 வினாடிக்குள் போய்விடும். அந்த 10 நிமிடமும் சூட்டைத் தாங்குவது யார்? ஒயர்தான். அதனால்தான் ஒயர் எப்போதும் பியூசைவிடப் பலசாலியாக இருக்கவேண்டும்.

இருட்டில் விளக்கு அணையலாமா?

முன் விளக்குக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு.

இருட்டில், வளைவில், 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது முன் விளக்கு பியூஸ் எரிந்தால் என்ன ஆகும்? ஒயர் தப்பும், ஆள் தப்பமாட்டான்!

அதனால் முன் விளக்குக்குப் பியூசுக்குப் பதிலாக "சர்க்யூட் பிரேக்கர்" வைப்பது வழக்கம். அதற்குள் இரண்டு உலோகம் ஒட்டிய தகடு ஒன்று இருக்கும். சூடானால் அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து மீண்டும் சேர்க்கும். விளக்கு அணைந்து அணைந்து எரியும். அந்த வெளிச்சத்தில் டிரைவர் லாரியை ஓரம் கட்டிவிடலாம்.

பல விளக்கு சுவிட்சுகளுக்குள்ளேயே இது இருக்கும். வாங்கும் பெட்டியிலோ சுவிட்சிலோ, ஓரிடத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பெட்டிக்கு யார் காவல்?

பெட்டி ஒயர்களுக்குக் காவல். அந்தப் பெட்டிக்கு யார் காவல்?

பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பேட்டரியிலிருந்து பெட்டி வரையில் ஒரு பருமனான ஒயர் வருகிறது. அது நடுவழியில் இரும்பில் உரசினால், பெட்டியில் உள்ள 14 பியூஸ்களும் வேடிக்கைதான் பார்க்கும். காரணம், மின்சாரம் அவற்றுக்கு வந்து சேர்வதற்கு முன்பே வேறு வழியில் போய்விடுகிறது!

ஆகவே, பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் ஒரு பெரிய பியூஸ் வேண்டும். அல்லது, உருகும் ஒயர்த் துண்டு ஒன்றைச் சேர்க்கவேண்டும். முதன்மை ஒயரைவிட நான்கு எண் மெல்லியதாக அது இருக்கவேண்டும்.

12 வோல்ட்டுக்கு மாறுகிறவர்கள் பழைய டைனமோவை எடுத்துவிட்டு "ஆல்டர்னேட்டர்" போடுவார்கள். அது 60, 100 ஆம்பியர் என்று அள்ளித் தரும். பழைய அம்மீட்டர் வழியாக அதைப் பாயவிட்டால், டாஷ்போர்டே அடுப்பாகும். அம்மீட்டரை விலக்கி, வோல்ட்டு மீட்டர் வைப்பது பாதுகாப்பு.

எங்கே மாட்டுவது?

என்ஜினுக்குப் பக்கத்தில் மாட்டக்கூடாது. சூடும் தண்ணீரும் கெடுக்கும். பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்திலும் கூடாது. டாஷ்போர்டுக்குக் கீழே, பக்கத் தகட்டில், கை எட்டும் இடத்தில் மாட்டவேண்டும். டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு தலைகீழாகப் படுத்தால்தான் பியூசை மாற்ற முடியும் என்றால், அது நல்ல இடம் அல்ல.

தகட்டில் துளை போட்டு ஒயரை நுழைக்கும்போது, துளைக்கு ரப்பர் வளையம் போடாமல் விடக்கூடாது. நாலணா வளையத்தை மறந்ததால் ஒயர் அறுபட்ட லாரிகள் உண்டு.

"எர்த்" ஒயர் முடியும் இடத்தில் வர்ணத்தையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்கவேண்டும். புது வர்ணத்தின்மேல் முடுக்கிவிட்டு, "விளக்கு எரியவில்லையே" என்று பெட்டியைத் திட்டுகிறவர்கள் பலர்.

"பியூஸ் எரியாது, லாரி எரியும்!"

எல்லாம் முடிந்தது. பேட்டரியை நேராக மாட்டிவிடக்கூடாது. பேட்டரி முனைக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு பல்பை மாட்டிப் பார்க்கவேண்டும். எல்லா சுவிட்சும் மூடியிருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால், எங்கேயோ ஒயர் இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். பியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்த வழியில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

நம் பேரனும் அப்படியே செய்தான். லாரி கிளம்பியது. ஆனால் மூன்றாம் நாள், வைப்பர் பியூஸ் எரிந்தது. வேறொன்று போட்டான். அதுவும் எரிந்தது.

"தாத்தா! இது 15 ஆம்பியர். 30 போட்டால் எரியாது அல்லவா?" என்று கேட்டான்.

"எரியாதுடா. பியூஸ் எரியாது. லாரி எரியும்!" என்றார் தாத்தா.

அந்தக் காலத்தில் பபிள்கம் சுற்றிய வெள்ளித் தாளைப் பியூசின்மேல் சுற்றி ஓட்டியவர்கள் உண்டு. இதைத் தடுக்கவே, சிலவகைக் கண்ணாடி பியூஸ்களை ஆம்பியருக்குத் தகுந்தபடி நீளத்தை மாற்றிச் செய்தார்கள். சிறிய பியூஸ் இருக்கும் இடத்தில் பெரியது உட்காராது. வீட்டில் பியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்.

பேரன் டார்ச்சை எடுத்துக்கொண்டு டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்தான். வைப்பர் மோட்டாரின் ஆணி ஒன்று ஒயரைக் கவ்வியிருந்தது. உறை கிழிந்து, செம்பு பளிச்சென்று தெரிந்தது. 30 ஆம்பியர் போட்டிருந்தால், மழை நாளில், மகள் பக்கத்தில் இருக்கும்போது, அந்த இடம் பற்றியிருக்கும். பெட்ரோல் டாங்கி முதுகுக்குப் பின்னால்!

கிழிந்த ஒயரை மாற்றினான். அதே 15 ஆம்பியர் நீலப் பியூசைப் போட்டான். அதற்குப் பிறகு அது எரியவில்லை.

பெட்டியின் மூடிக்குள் ஒரு காகிதத்தை ஒட்டினான். எந்தத் துளை எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று அதில் எழுதினான். பக்கத்திலேயே ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு பியூஸ்களை வைத்தான்.

தாத்தா காகிதத்தைப் படித்துப் பார்த்தார். பிறகு கொள்ளுப்பேத்தியைத் தூக்கி, நடு ஆசனத்தில் உட்கார வைத்தார்.

"இப்போது போகலாம்" என்றார்.